பக்கத்து மேசைக்குச் சொல்லுங்கள்

(கொடைக்கானலில் பல துறை அரசு ஊழியர்களும் ஊர் மக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இங்கே அமர்ந்திருக்கும் அரசு ஊழியர்களில் பெரும்பாலோர் பொது அறிவு என்ற வாசல் வழியாகத்தான் வேலைக்குள் வந்தீர்கள். குரூப் 4 என்றால் மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். முதல் பானிபட் போர் எந்த ஆண்டு, வைட்டமின் சி குறைந்தால் என்ன நோய் என்று பேருந்திலும் டீக்கடையிலும் உருப்போட்டீர்கள். பணி ஆணை கைக்கு வந்தது. அந்தப் புத்தகக் கட்டு தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ போயிற்று. அதன்பிறகு பானிபட்டைப் பற்றி உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "எந்த சீட் பாக்குறீங்க?" என்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே கேள்வி.

தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வழக்கத்தில் நம் மாகாணம் கொஞ்சம் முந்திக்கொண்டது. இந்தியாவில் ஒரு மாகாணம் தனக்கென்று சட்டம் இயற்றி அமைத்துக்கொண்ட முதல் தேர்வாணையம் 1929-ல் சென்னையில் உருவானதுதான். நல்ல ஏற்பாடு. பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதம் இல்லாத பையனுக்கும் பெண்ணுக்கும் அது கதவைத் திறந்துவிட்டது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்தத் தேர்வு ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்துவிடுகிறது. விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவர் போட்டியாளர். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தால் எனக்கு லாபம். தேர்வறைக்கு இது சரி. அதே பழக்கம் அலுவலகத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் தொல்லை. ஒரே கட்டடத்தில் பத்து ஆண்டு வேலை பார்த்த இருவருக்கு, அடுத்த மேசையில் என்ன கோப்பு ஓடுகிறது என்று தெரியாது. "அது என் சீட் இல்லீங்க" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் எந்த ஊர் மனிதராவது அரசு அலுவலகத்திலிருந்து திரும்பியிருக்கிறாரா?

விளையாட்டாக நடத்தும் பொது அறிவுப் போட்டி இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. அங்கே பக்கத்து நாற்காலியின் காதில் சொல்லாவிட்டால் தோற்றுப்போவீர்கள். ஊழியர்களை ஒன்றாக்க இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு நிபந்தனை உண்டு. கேள்விகள் வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து வரக்கூடாது. இந்த மலையிலிருந்து வர வேண்டும்.

எப்படி என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்கும் நம் ஊர் சூரிய ஆய்வகத்துக்கும் என்ன தொடர்பு?

இதைத் தனி ஆளிடம் கேட்டால் விழிப்பார். ஒரு குழுவிடம் கேளுங்கள். வருவாய்த் துறைக்காரருக்குப் பஞ்சம் தெரியும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. பஞ்ச நிவாரணப் பணி, பஞ்சக் கமிஷன் எல்லாம் அவருடைய துறையின் பழைய கதைகள். தோட்டக்கலைத் துறைக்காரர், "பஞ்சம்னா மழை பொய்ச்சிருக்கும்" என்பார். வானிலை தெரிந்த ஒருவர் இருந்தால், சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் என்பதை எடுத்துக்கொடுப்பார். இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கரும்புள்ளி கூடிக் குறைவதற்கும் பருவமழை கூடிக் குறைவதற்கும் தொடர்பு இருக்குமோ என்று அந்தக் காலத்து அறிஞர்கள் சிலர் நம்பினார்கள். சூரியனை நாள்தோறும் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற ஆசை பிறந்தது. சென்னையில் 1792 முதல் இருந்த வானாய்வகத்தின் பணி மலைக்கு மாற்றப்பட்டு, 1899-ல் கொடைக்கானல் ஆய்வகம் தொடங்கியது. இடம் தேடி நீலகிரியையும் பழனி மலையையும் பார்த்து, இந்த மலையைத் தேர்ந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து அரசு வானியலாளரானவர் அவர்.

பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் எளிய சூத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. அரசாங்கக் கணக்கில் பார்த்தால் திட்டம் தோல்வி. ஆனால் வேலை நிற்கவில்லை. வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் தொடரும் அந்தப் படத் தொகுப்பு இன்று உலகச் சூரிய ஆய்வாளர்களுக்குப் பெரும் சொத்து. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இந்த மலையில் இருந்துதான் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியல் அறிந்தவர். இங்கே வாழ்ந்த காலத்தில் தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். சீசனுக்கு வரும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் கேட்கவில்லை. இங்கே பணிபுரியும் நமக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறேன்.

நல்ல கேள்வி என்று நான் சொல்வது இந்த மாதிரியைத்தான். யார் ஒருவரிடமும் முழு விடை இருக்காது. துண்டு துண்டாகப் பல மேசைகளில் கிடக்கும். நான்கு பேர் தலையைச் சேர்த்து வைத்தால்தான் விடை உருவாகும். நேரு எந்த ஆண்டு பிறந்தார் என்று கேட்டால் ஒருவர் சொல்வார், மூன்று பேர் சும்மா இருப்பார்கள். அதில் என்ன நட்பு வளரும்?

நம் மரபில் ஒற்றை ஆளின் நினைவாற்றலுக்குத்தான் மேடை. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு வகையான சோதனைக்கு ஈடுகொடுத்த மூளை. வணங்க வேண்டிய திறமை. ஆனால் ஒரு தாலுகா அலுவலகத்தை நூறு அவதானிகளை வைத்து நடத்த முடியாது. சுமாரான நினைவுள்ள இருபது பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் நடந்துவிடும்.

கொடைக்கானலுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. இந்த ஊரைப் பற்றி எந்தக் கேள்வியைக் கிளறினாலும் உள்ளே யாரோ ஒரு அரசுச் சம்பளக்காரர் உட்கார்ந்திருப்பார். 1821-ல் இந்த மலைகளை அளந்தவர் லெப்டினன்ட் வார்டு, நில அளவைக்காரர். ஏரியை 1863-ல் உருவாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச். ஓடையை அணைகட்டித் தேக்கினார்; தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். கோக்கர்ஸ் வாக் இருக்கிறதே, அது 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட பாதை. பிரயண்ட் பூங்கா இன்றும் தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கிறது. எவர்ஷெட்டுக்குப் பின்னாளில் அதே ஆய்வகத்துக்கு 1960-ல் தலைமையேற்ற வைணு பாப்புவும் அரசு ஊழியர்தான். வால்மீன் ஒன்றுக்கே அவர் பெயர் இருக்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டிய அம்மையார், இலங்கையில் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. ஆஸ்திரேலியாவில் பிறந்து லீலாவதி ஆனவர். கோயில் 1936-ஐச் சேர்ந்தது.

இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. லாஸ் காட் எனப்படும் மலைச்சாலை 1916-ல் போக்குவரத்துக்குத் திறந்தது. மேஜர் லாவின் பெயர் அதற்கு நின்றுவிட்டது. அதற்கு முன்பு பெரியகுளம் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் ஏற வேண்டும். துரைமாரையும் துரைசாணிகளையும் நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கி வந்தவர்கள் நம் ஆட்கள். பாறை உடைத்தவர்களும் நம் ஆட்கள். ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. ஊரைப் பற்றி எத்தனை சுற்றுப் போட்டி நடத்தினாலும் அவர்கள் பெயரைக் கேள்வியாகக் கேட்க முடியாது. போட்டி நடத்துகிறவர் இதை ஒருமுறையாவது மேடையில் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

பதவிக்கும் அறிவுக்கும் உள்ள தூரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பி.பி.சி.யில் 1972-ல் மாஸ்டர்மைண்ட் என்றொரு வினாடி வினா தொடங்கியது. கறுப்பு நாற்காலி, முகத்தில் விளக்கு, விடாமல் கேள்வி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிக்கி விசாரிக்கப்பட்ட பில் ரைட் என்பவர் அந்த அனுபவத்தை வைத்து அமைத்த நிகழ்ச்சி. பேராசிரியர்கள் மோதும் அந்த மேடையில் 1980-ல் வென்றவர் ஃபிரெட் ஹவுஸ்கோ, லண்டன் டாக்சி ஓட்டுநர். 1983-ல் வென்ற கிறிஸ்டோபர் ஹியூஸ் சுரங்க ரயில் ஓட்டுநர். நம் ஊரில் இது நடக்காது என்று நினைக்கிறீர்களா? நம் ஊரில் ஓட்டுநருக்கு நாற்காலி போடுகிறோமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வனக் காப்பாளர் ஒருவருக்குத் தெரிந்ததை எண்ணிப் பாருங்கள். நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. இதை எல்லோரும் சொல்லிவிடுவோம். பூத்து விதை விட்டதும் செடி பட்டுப்போகும் என்பதையும், குறிஞ்சியில் பல இனம் உண்டு, எல்லாமே 12 ஆண்டுக் கணக்கில் பூப்பதில்லை என்பதையும் காட்டில் நடந்தவர்தான் சட்டென்று சொல்வார். குறிஞ்சி பூத்ததை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் பளியர்கள் என்று சொல்வதுண்டு. அந்தக் குடியிருப்புகளுக்குப் போய்வரும் கிராம உதவியாளருக்கும் செவிலியருக்கும் தெரிந்த கதைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கோடை பண்பலை 100.5 எப்படி மதுரையிலும் தேனியிலும் திண்டுக்கல்லிலும் கணீரென்று கேட்கிறது? பண்பலை அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். கோபுரம் மலை உச்சியில் நின்றால் கீழே சமவெளி முழுக்க அதன் கண்ணில் படும். வானொலி நிலையத்துப் பொறியாளருக்கு இது பால பாடம். அவரும் மின்வாரிய லைன்மேனும் ஒரே குழுவில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்! குணா குகையைப் பற்றி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். 1991-ல் ‘குணா’ படம் வந்தது, 2024-ல் அதே குகையைக் களமாகக் கொண்ட ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்தது. அந்த இடத்தில் பணியில் இருப்பவர்கள் இதே கேள்விக்குத் தினம் ஐம்பது தடவை பதில் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார்கள்.

அரசு ஊழியர்களிடையே நட்பு தானாகவே பிறக்கும் இடங்கள் உண்டு. ஒன்று பவானிசாகர். அடிப்படைப் பயிற்சிக்கு அங்கே போய்வந்த இளநிலை உதவியாளர்கள் ஓய்வுபெறும் வரை "எங்க பவானிசாகர் பேட்ச்" என்று சொல்லிக்கொள்வார்கள். வேறு மாவட்டத்தில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால் அந்த பேட்ச் நண்பரைத்தான் அழைப்பார்கள். வகுப்பில் படித்த விதி எண்கள் மறந்துபோகும். விடுதி அறையும் கேன்டீன் சாப்பாடும் மறப்பதில்லை.

இன்னொன்று தேர்தல் பணி. யாரும் விரும்பிப் போவதில்லை. விலக்குக் கேட்டு மருத்துவச் சான்றிதழோடு வரிசையில் நிற்பவர்களே அதிகம். ஆனாலும் சொல்கிறேன், அதைவிடச் சிறந்த கூட்டுப்பணி அரசாங்கத்தில் கிடையாது. கணினி குலுக்கிப் போட்டு ஆள் சேர்க்கிறது. பள்ளி ஆசிரியை, கூட்டுறவுத் துறை எழுத்தர், சுகாதாரத் துறைக்காரர் மூவரும் முந்தைய நாள்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இரவு அந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து, விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, சாயங்காலம் பெட்டியை ஒப்படைப்பதற்குள் மூவரும் ஒரு வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். வெள்ளகவிக்குப் போனவர்களைக் கேளுங்கள். சாலை இல்லாத அந்த மலைக்கிராமத்துக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போயிருக்கிறது. அதிகாரிகள் பின்னாலேயே நடந்திருக்கிறார்கள். அந்தப் பாதையில் யார் உயர் அலுவலர், யார் உதவியாளர் என்ற கணக்கு முதல் ஏற்றத்திலேயே தீர்ந்துபோகும்.

இவற்றில் பொதுவாக இருப்பது என்ன? துறை கலந்த குழு, ஒரே வேலை, பதவி மறந்த சில மணி நேரம். வினாடி வினா இதை ஒரு மாலைப் பொழுதில் செய்துவிட முடியும், மருத்துவச் சான்றிதழ் இல்லாமல்.

அரசாங்கமே இதை ஒருமுறை பெரிதாக நடத்தியிருக்கிறது. குமரிமுனையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலையின் வெள்ளி விழாவை ஒட்டி, 2024 டிசம்பரில் அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் திருக்குறள் வினாடி வினா நடந்தது. மாவட்டங்களில் தேர்வானவர்கள் விருதுநகரில் இறுதிச் சுற்றில் மோதினார்கள். கருவூலத்துக்காரரும் கால்நடை மருத்துவரும் குறளுக்காக மண்டையை உடைத்துக்கொண்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் அது மாநில அளவிலான போட்டி. பாடத்திட்டம் ஒன்றுதான், பரிசும் பெரியது, ஆகவே படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அலுவலக மாலைக்கு அது பொருந்தாது. அங்கே யாரும் படித்துவிட்டு வரக்கூடாது. இத்தனை நாள் வேலையில் ஒட்டிக்கொண்டதை மட்டும் கொண்டு வந்தால் போதும்.

நடத்துகிறவர்களுக்குச் சில யோசனைகள். துறைவாரியாகக் குழு பிரிக்காதீர்கள். வருவாய்த் துறைக்கும் காவல் துறைக்கும் போட்டி என்று போட்டால் மறுநாள் அலுவலகத்தில் அது தொடரும். தேர்தலில் செய்வதுபோலச் சீட்டுக் குலுக்குங்கள். மணி அடித்து முந்துபவருக்கு வாய்ப்பு என்ற முறை வேண்டவே வேண்டாம். அதில் உரத்த குரல் ஜெயிக்கும், உரத்த குரல் பெரும்பாலும் பெரிய பதவியில் இருக்கும். ஒரு நிமிடம் கலந்து பேசிச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். விடையை வாசிக்கும் பொறுப்பு குழுவில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவருக்கு. கோட்டாட்சியர் எந்தக் குழுவில் விழுகிறாரோ அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரட்டும். மேடையில் சிறப்பு விருந்தினராக ஏற்றி மாலை போட்டால் அன்றைய மாலை போச்சு. கைப்பேசிகளை வாசலில் கூடையில் போட்டுவிடுங்கள். சிரிக்கவைக்கும் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். விடுப்பு விதிகளைப் பற்றிக் கேள்வி வைக்காதீர்கள். எல்லாக் குழுவும் நூற்றுக்கு நூறு வாங்கி முடிவே கிடைக்காது.

நாள் பார்ப்பது முக்கியம். மே மாதம் கூடாது. ஊரெல்லாம் இங்கே விடுமுறைக்கு வரும்போது நமக்கு விடுமுறை ரத்து. கோடை விழா, மலர்க் கண்காட்சி, போக்குவரத்து நெரிசல், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் சோதனை என்று எல்லாத் துறையும் சாலையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் கூடாது. வாரத்தில் கிடைக்கும் ஓய்வு நாளைப் பிடுங்கிக்கொண்டு "வாருங்கள், நட்பு வளர்ப்போம்" என்று அழைத்தால் பகைதான் வளரும். வேலை நாளில், சுற்றுலாக் கூட்டம் ஓய்ந்த மாதத்தில், நான்கு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சூடான பஜ்ஜி இருந்தால் ஆள் வருவார்கள்.

கேள்விகளின் உண்மையைச் சரிபார்ப்பதில் கறாராக இருங்கள். நம் ஊரைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் உலவும் செய்திகளில் பாதி கட்டுக்கதை. கேள்வி தருபவர், அதற்கான பதிவேட்டையோ புத்தகத்தையோ காட்டித்தான் தர வேண்டும். பழைய பதிவேடுகளைத் தூசி தட்ட இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது.

ஆகவே இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு அலுவலகத்திடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பணி தொடர்பாக, இந்த மலை தொடர்பாக, பத்துக் கேள்வி எழுதுங்கள். நகராட்சித் தூய்மைப் பணியாளர் முதல் ஆய்வகத்து விஞ்ஞானி வரை எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை வைத்தே போட்டி நடக்கட்டும். வென்ற குழுவுக்குக் கோப்பை வேண்டாம், அது பீரோ மேல் போய்விடும். அதற்குப் பதிலாக, தோற்ற குழுக்களின் அலுவலகங்களை ஒருநாள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு அனுமதி வாங்கிக் கொடுங்கள். அந்த ஒருநாளுக்கு ஆன் டியூட்டி போட்டுக்கொடுக்க வேண்டியது முன்வரிசையில் இருக்கும் அலுவலர்களின் பொறுப்பு.